மருந்தும் பணிவிடையும்

மனித சரீரத்தின் அவயவங்களுள் மிகப் பெரியது எது என்று கேட்டால், ஈரல் என்றோ நுரையீரல் என்றோ விடை சொல்பவர்கள் பலர். தோல் என்று சொல்பவர்கள் சிலரே. வளர்ந்த ஒருவருடைய தோலின் பரப்பு ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். உடலிலுள்ள நீர் ஆவியாகிப் போய்விடாமலும், வெளியிலுள்ள கிருமிகள் உள்ளே புகுந்துவிடாமலும் இரவு பகலாகக் காத்து நிற்பது இப்பரப்பேயாகும். அதன் மேற்படலம், உயிரற்ற அணுக்கள் பல அடுக்குகளாகப் படிந்து, இடையிடையே கொழுப்புப் பொருளால் இறுகி அமைந்த ஒன்று. காய்ந்த தன்மையும் சிறிது அமிலத்தன்மையும் உடையதாய், ஓயாமல் உதிர்ந்துகொண்டும் இருப்பதால், அதன்மேல் வந்து விழும் தீய கிருமிகள் அங்கே நிலையாகக் குடிகொள்வது எளிதன்று. தீங்கு செய்யாத கிருமிகளோ கோடிக்கணக்கில் அங்கு வாழ்ந்து, தீயவற்றுக்கு இடமும் உணவும் கிட்டாதபடி செய்துவிடுகின்றன.

இவ்வளவு காவல் உடைய தோலிலும் வாயில்கள் திறப்பது உண்டு. சேற்றிலும் ஈரத்திலும் நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்களுக்குக் கால் விரலிடுக்கில் உண்டாகும் சேற்றுப்புண், வறண்ட குதிகாலில் தோன்றும் பித்தவெடிப்பு, புதுச் செருப்புக் கடித்த இடம், கொசுக் கடித்ததைச் சொறிந்ததால் ஏற்பட்ட கீறல் ஆகிய இவற்றை யாரும் நோய் என்று மதித்து வைத்தியரை நாடுவதில்லை. ஆயினும் ஒரு நாள் மாலையில் உடம்பு வெடவெடவென்று நடுங்கிக் குளிர்காய்ச்சல் வருகிறது. தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. பொழுது விடிவதற்குள் ஒரு கால் மட்டும் முழங்கால் வரையில் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டு, கீழே ஊன்றினால் உயிர் போகும்படி வலிக்கிறது. அடித்தோலிலும் அதன் கீழுள்ள கொழுப்பிலும் கிருமி பரவியதனால் விளையும் இந்த அழற்சியை மருத்துவர்கள் செல்லுலைட்டிஸ் என்பார்கள். இதுவே தோலின் மேற்பகுதியோடு நின்று, வரம்பு கட்டினாற்போல் தெளிந்த விளிம்போடு பரவுமாயின், அதற்கு எரிசிபெலாஸ் என்று பெயர். நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் விசர்ப்பம் என்று குறித்தது இவ்வகை நோயையே.

இந்நோய்க்குத் தக்க மருந்துகள் இன்று நம்மிடம் உள்ளன. அம்மருந்துகளைக் கண்டுபிடித்த மேதைகளின் சரித்திரமும் பல நூல்களில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், நோயாளியின் கட்டிலருகே நின்று தாதி செய்யும் பணிவிடையையும் விஞ்ஞானத்தில் சேர்த்து எண்ணுபவர்கள் அரியர். கருணையும் பொறுமையும் உள்ளவர்கள் செய்யும் புண்ணியத் தொண்டு என்று அதனைப் புகழ்ந்து, புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்கிறோம். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பதிலிருந்து கையைச் சோப்பிட்டுக் கழுவுவது வரையில், அப்பணிவிடையின் ஒவ்வொரு செயலுக்கும் கிருமி சாஸ்திரத்திலும் சரீர சாஸ்திரத்திலும் உறுதியான காரணம் இருக்கிறது என்பதையும், மருந்து தன் வேலையைச் செய்து முடிப்பதற்கு அது எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் எடுத்துக் காட்டுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கமாகும்.

இரண்டு கிருமிகள்

தோலில் தோன்றும் பாக்டீரியத் தொற்றுகளுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணமானவை இரண்டு கிருமிகளே. 1874-இல் வியன்னா நகரத்து அறுவை நிபுணர் பில்ரோத், காயங்களிலும் விசர்ப்பத்திலும் சங்கிலியாகக் கோத்துக் கிடந்த உருண்டைக் கிருமிகளைக் கண்டு, அவற்றுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயரிட்டார். 1883-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபெலைசன், விசர்ப்ப நோயாளிகளிடமிருந்து அதனைப் பிரித்தெடுத்து வளர்த்து, நோய்க்கு அதுவே காரணம் என்று காட்டினார். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அறுவை மருத்துவராக இருந்த அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன், சீழ்க் கட்டிகளைக் கீறி எடுத்த சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, சங்கிலிகளோடு குலைகுலையாகத் திரண்டிருந்த வேறொரு வகை உருண்டைகளையும் கண்டார். 1882-இல் அவர் அதற்கு ஸ்டஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ரோசன்பாக் என்பவர், அவற்றுள் பொன்னிறமாக வளரும் இனத்தைத் தனியே பிரித்து, ஆரியஸ் என்னும் அடைமொழியைச் சேர்த்தார்.

இவ்விரண்டின் குணங்களும் வெவ்வேறு. பொன்னிறக் கிருமி இரத்தத்திலுள்ள நார்ப்பொருளை உறையச் செய்து, தன்னைச் சுற்றி ஒரு வேலியை எழுப்பிக்கொள்ளும் ஆற்றல் உடையது. அதனால் அது ஓரிடத்திலேயே தங்கிச் சீழ் பிடித்துக் கட்டியாக எழும்பும். வேனற்கட்டியிலிருந்து, நீரிழிவுக்காரர்களின் பிடரியில் தோன்றி அச்சுறுத்தும் ராஜபிளவை வரையில், அதன் கைவரிசை பலவாறாக வெளிப்படுகிறது. சங்கிலிக் கிருமியோ உறைந்த நாரைக் கரைக்கும் பொருளையும், திசுக்களுக்கு இடையே பசையாக நிற்கும் பொருளைச் சிதைக்கும் நொதியையும் சுரந்து, தடைகளை நீக்கிக்கொண்டே தோலின் அடியில் விரைந்து பரவும். சீழாகத் திரண்ட கட்டிக்குக் கீறி வடிய விடுவதே முதற் சிகிச்சையென்றும், சீழின்றிப் பரவும் சிவப்புக்கு மருந்தும் ஓய்வுமே சிகிச்சையென்றும் மருத்துவர்கள் வேறுபடுத்துவதற்கு மூலகாரணம் இக்குண வேறுபாடேயாகும். தாதி கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது, எங்கேனும் தொட்டால் நெகிழ்ந்து கொடுக்கும் மென்மை தோன்றியிருக்கிறதா என்று ஆராய்வதும் இதனால்தான். முதல் நாள் சிவப்பு மட்டும் இருந்த இடத்தில் மூன்றாம் நாள் சீழ் திரண்டிருந்தால், அதை முதலில் அறியக்கூடியவர் அவரே.

இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். பொன்னிறக் கிருமி எங்கோ தொலைவிலிருந்து வரும் பகையன்று. ஆரோக்கியமாக உள்ளவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் அதனைத் தங்கள் மூக்கினுள் சுமந்துகொண்டே வாழ்கிறார்கள். அவர்களுக்கு அதனால் ஒரு துன்பமும் இல்லை. மூக்கைத் தொட்ட கை புண்ணைத் தொடும்போதுதான் அது நோயாகிறது.

கை சுமந்து சென்ற நோய்

இக்கிருமிகள் கண்டறியப்படுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, நோயைச் சுமந்து செல்வது கை என்பதை ஒருவர் உணர்ந்திருந்தார். அபர்டீன் நகரிலேயே 1789 முதல் 1792 வரை பிரசவக் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவித் தாய்மாரைப் பலி கொண்டது. அலெக்ஸாண்டர் கார்டன் என்னும் மருத்துவர், நோயுற்ற பெண்கள் ஒவ்வொருவருக்கும் பிரசவம் பார்த்தவர் யார் என்று பட்டியல் எழுதி ஆராய்ந்தபோது, முன்பு அந்நோய் கண்டவர்களைத் தொட்ட மருத்துவரோ மருத்துவச்சியோ தாதியோ சென்ற வீடுகளில்தான் நோய் தோன்றியிருக்கிறது என்பது புலனாயிற்று. அதே காலத்தில் ஊரில் விசர்ப்பமும் பரவியிருந்ததையும், இரண்டும் சேர்ந்தே தோன்றிச் சேர்ந்தே மறைந்ததையும் அவர் கவனித்தார். 1795-இல் வெளியிட்ட நூலில் இவற்றை எழுதியதோடு, தாமும் நோயைச் சுமந்து சென்றவர்களில் ஒருவர் என்பதையும் மறைக்காமல் அவர் சொல்லிவிட்டார். ஊரார் அவரை மன்னிக்கவில்லை. அவர் அவ்வூரை விட்டுக் கடற்படைக்குத் திரும்ப நேர்ந்தது. 1847-இல் வியன்னாவில் ஸெம்மல்வைஸ், மருத்துவ மாணாக்கர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று விதித்துத் தாய்மாரின் மரணத்தைப் பெருமளவு குறைத்தபோதும், அவருக்குக் கிடைத்த மரியாதை இதனினும் மேலானதன்று.

கிரிமியா யுத்தத்தில் காயமுற்ற போர்வீரர்களிடையே 1854 முதல் பணி செய்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1860-இல் லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையை ஒட்டித் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தொற்று என்னும் கொள்கையில் அக்காலத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கெட்ட காற்றும் அழுக்குமே நோய்க்குக் காரணம் என்பது அவருடைய அபிப்பிராயம். அப்படியிருந்தும், தாதி ஒரு நாளில் பலமுறை தன் கைகளைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்று தம் நூலில் அவர் வற்புறுத்தியிருக்கிறார். கொள்கை பிழையாக இருந்தபோதும், நோயாளிகளைக் கண்கொண்டு பார்த்ததன் பயனாக வழக்கம் சரியாக அமைந்தது. விஞ்ஞான வரலாற்றில் இவ்வாறு கை முந்துவதும் கருத்துப் பின்தொடர்வதும் புதிதன்று.

மருந்துகளின் வருகை

விசர்ப்பத்தைக் குணப்படுத்தும் முதல் மருந்து ஒரு சாயப் பொருளிலிருந்து பிறந்தது. ஜெர்மனியில் டோமாக் 1932-இல் கண்டு 1935-இல் உலகுக்கு அறிவித்த பிரான்டோஸில் என்னும் சிவப்பு மருந்து, சங்கிலிக் கிருமிக்கு எதிராக வியக்கத்தக்க பலன் தந்தது. கிளாஸ்கோ நகரத்து ரக்கில் மருத்துவமனையில் ஸ்னாட்கிராஸும் ஆண்டர்சனும் விசர்ப்ப நோயாளிகள் 312 பேரை முறைவைத்துப் பிரித்து, சிலருக்கு இம்மருந்தும் மற்றவர்களுக்கு அக்காலத்து வழக்கப்படி புற ஊதா ஒளிச் சிகிச்சையும் அளித்து ஒப்பிட்டு, 1937-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களின் தோலில் சிவப்புப் பரவுவது விரைவில் நின்றது.

அதற்கடுத்து வந்தது பெனிசிலின். 1928-இல் லண்டனில் ஃபிளெமிங் கண்ட பூஞ்சைக் காளானின் சாறு, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோரின் உழைப்பால் மருந்தாக உருப்பெற்றது. யுத்த காலமாகையால் தக்க பாத்திரங்கள் கிடைக்கவில்லை. காளான் ஆழமில்லாத திரவத்தின் மேற்பரப்பில்தான் செழித்து வளரும். அதற்கேற்ற பாத்திரத்தைத் தேடித் தேடிச் சோதித்த ஹீட்லி, மருத்துவமனையில் எழுந்து நடமாட இயலாத நோயாளிகளுக்குத் தாதியர் வைக்கும் மலச்சட்டியே எல்லாவற்றிலும் சிறந்தது என்று கண்டார். அவற்றை இரவல் வாங்கி மருந்து தயாரித்ததோடு, பின்னர் அதே அமைப்பைத் தழுவிப் பீங்கானில் நூற்றுக்கணக்கான பாத்திரங்களையும் அவர் செய்வித்துக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் மருந்து, தாதியர் கையில் புழங்கிய மிக எளிய பாத்திரத்தில் வளர்ந்தது என்பது சரித்திரம்.

அம்மருந்தை நோய்க்காக முதன்முதல் பெற்றவர் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்னும் போலீஸ்காரர். முகத்தில் தொடங்கிய தொற்று தலை, கண், நுரையீரல் என்று பரவி, ஒரு கண்ணையும் இழந்து மரணத் தறுவாயில் இருந்த அவருக்கு 1941 பிப்ரவரி 12-ஆம் நாள் ஊசி தொடங்கியது. சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது. அவர் உணவு உண்டார். ஆனால் இருந்த மருந்தோ மிகச் சொற்பம். அவருடைய சிறுநீரை நாள்தோறும் சேகரித்து, அதில் வெளியேறிய மருந்தை ஆய்வுக்கூடத்தில் மீண்டும் பிரித்தெடுத்து அவருக்கே செலுத்தினார்கள். அதுவும் தீர்ந்தபின் நோய் திரும்பியது. மார்ச் 15-ஆம் நாள் அவர் இறந்தார். போதிய அளவு, போதிய நாள் வரை மருந்து சென்றாலொழிய அது பாதி வேலையோடு நின்றுவிடும் என்னும் பாடத்தை அந்த முதல் நோயாளியே உலகுக்குக் கற்பித்தார்.

பெனிசிலின் ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கியவுடன், இனிக் கை கழுவுவதும் துணி வெளுப்பதும் பழங்காலத்துக் கவலைகள் என்ற எண்ணம் மருத்துவமனைகளில் தலைகாட்டியது. கிருமி அதற்கு உடனே விடை கொடுத்தது. லண்டனில் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் ஆராய்ந்தபோது, பெனிசிலினுக்கு அடங்காத பொன்னிறக் கிருமிகள் 1946-இல் ஏறத்தாழ 14 சதவீதமாகவும், 1948-இல் ஏறத்தாழ 59 சதவீதமாகவும் இருந்தன. அதற்கென்று புதிதாகச் செய்த மெத்திசிலின் மருந்து வழக்கத்துக்கு வந்த ஓரிரு ஆண்டுகளில், 1961-இல், அதற்கும் அடங்காத இனம் தோன்றிவிட்டது. சங்கிலிக் கிருமி இன்றளவும் பெனிசிலினுக்குப் பணிந்தே நடப்பது நம் பாக்கியம்.

பெனிசிலினுக்கு அடங்காத பொன்னிறக் கிருமி பெருகிவந்த காலத்தில்தான் இங்கிலாந்தின் டார்பே மருத்துவமனை 1959-இல் ஒரு புதுமையைச் செய்தது. வார்டுகளில் பொன்னிறக் கிருமி பரவுவதைக் கண்டு கவலையுற்ற கிருமியியல் நிபுணர் பிரெண்டன் மூர், தொற்று எங்கே தோன்றுகிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று நாள்தோறும் நேரில் சென்று கண்காணிப்பதற்கு ஒரு முழு நேர ஊழியர் வேண்டும் என்றார். அப்பணிக்கு அவர் தேர்ந்தது மருத்துவரையல்ல. காட்ரெல் என்னும் தாதியை. மருத்துவர் வந்து பார்த்துப் போகிறவர். தாதியோ இருபத்து நான்கு மணி நேரமும் முறைவைத்து நோயாளியின் அருகே இருக்கும் வர்க்கத்தைச் சேர்ந்தவர். இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் உள்ள தொற்றுத் தடுப்புத் தாதி என்னும் பதவி அங்கே பிறந்ததுதான்.

கட்டிலருகே

செல்லுலைட்டிஸ் கண்ட ஒருவர் வார்டில் வந்து படுத்ததும் தாதி என்ன செய்கிறார் என்பதைச் சற்று அருகிருந்து பார்ப்போம். முதலில், மருந்து எதற்கேனும் முன்பு ஒவ்வாமை ஏற்பட்டதுண்டா என்று கேட்கிறார். பெனிசிலின் சிலருக்கு மூச்சுத் திணறலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் சில நிமிஷங்களில் உண்டாக்கிவிடக் கூடியதாகையால், இக்கேள்வியை விட்டுவிடுவது உயிருக்கே ஆபத்து. பிறகு அழியாத மையுள்ள பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரை வந்திருக்கிறதோ அந்த விளிம்பைத் தொடர்ந்து தோலின் மேலேயே ஒரு கோடு வரைகிறார். அதன் பக்கத்தில் தேதியையும் மணியையும் எழுதுகிறார். பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், நோய் முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா என்பதை ஞாபகத்தைக் கொண்டும் ஊகத்தைக் கொண்டும் சொல்லாமல், கண்ணெதிரே காட்டக்கூடிய கருவி அந்தக் கோட்டைவிட மலிவாக வேறொன்று இல்லை.

நம்மவர்களின் மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு எளிதில் புலப்படுவதில்லை. மேல்நாட்டு நூல்கள் வெளுத்த தோலை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றைப் படித்துவிட்டுச் சிவப்பையே தேடுபவர்கள் நோயைத் தவறவிடக்கூடும். கருத்த தோலில் அந்த இடம் ஊதாவோ ஆழ்ந்த பழுப்போ பாய்ந்து, மினுமினுப்பாகவும் இறுக்கமாகவும் தோன்றும். ஆகவே அனுபவமுள்ள தாதி, விரல்களின் புறப்பக்கத்தை முதலில் நோயில்லாத காலிலும் பிறகு நோயுற்ற காலிலும் வைத்து, சூடு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று மெல்ல மேல்நோக்கித் தடவிக் கண்டறிந்து, அங்கே கோட்டை வரைகிறார். கெண்டைக்காலின் சுற்றளவையும் நாடாவால் அளந்து, அளந்த இடத்தை அடையாளமிட்டுக் குறித்துக்கொள்கிறார். இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் ஒரே அளவில் நிறம் மாறியிருந்தால், அது பெரும்பாலும் செல்லுலைட்டிஸ் அல்ல, இரத்த நாளத் தேக்கத்தினால் வந்த வேறு அழற்சியாகவே இருக்கும். அதையும் ஒப்பிட்டுப் பார்த்தவரே சொல்ல முடியும்.

அடுத்தது காலை உயர்த்துதல். மேட்டு நிலத்து நீர் வாய்க்கால் வழியே தானாக இறங்கிப் போவது போல, இருதயத்தின் மட்டத்துக்கு மேலே வைத்த காலிலிருந்து தேங்கிய நீர் நிணநீர்க் குழாய்களின் வழியாகவும் சிரைகளின் வழியாகவும் வடிந்து போகும். வீக்கம் இருக்கும் வரையில் திசுக்களில் இரத்த ஓட்டம் தடைப்படும்; இரத்தம் கொண்டுவர வேண்டிய வெள்ளணுக்களும் மருந்தும் பிராணவாயுவும் போதிய அளவு சென்று சேரா. ஆகவே காலை உயர்த்துவதும் மருந்தை அதன் இடத்தில் கொண்டு சேர்க்கும் காரியமே. முழங்கால் சற்று மடங்கியிருக்க, கெண்டைக்கால் முழுவதும் தலையணையில் தாங்கியிருக்க, குதிகால் மட்டும் எதன்மேலும் படாமல் தொங்க வேண்டும். இல்லையேல் ஒரு நோயைத் தீர்க்கப் போய்ப் படுக்கைப்புண் என்னும் மற்றொன்றை வருவித்ததாகும். காலை அசையாமல் கிடத்துவதும் நல்லதன்று. வலி பொறுக்கும் அளவுக்குக் கணுக்காலை மேலும் கீழும் அசைத்தால், கெண்டைத் தசை சுருங்கி விரிந்து நீரை மேலே தள்ள உதவும்.

புண்ணும் தோலும் வெதுவெதுப்பான நீராலும் மென்மையான சோப்பாலும் கழுவப்பட்டு, தேய்க்காமல் ஒற்றித் துடைக்கப்பட வேண்டும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றுப் போடும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் உண்டு. உடையாத தோலுக்கு அது என்ன செய்யினும், புண்ணுள்ள தோலில் அழுக்கைச் சேர்ப்பதோடு, கோட்டையும் நிறத்தையும் மறைத்து நோயின் போக்கை அறியவொட்டாமல் செய்துவிடும். சீழ்க் கட்டியைப் பிதுக்குவது அதனினும் தீது. வேலி உடைந்து கிருமி உள்நோக்கிப் பாயும். வெந்நீர்ப் பை ஒத்தடம், நீரிழிவினால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாமல் கொப்புளத்தை உண்டாக்கிவிடக் கூடியது. தொற்று ஏற்பட்ட நாட்களில் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை வெள்ளணுக்களின் வீரியத்தைக் குறைக்கும். ஆகவே சர்க்கரையை அளந்து அடக்குவதும் தோலுக்குச் செய்யும் சிகிச்சையே ஆகிறது.

மருந்து தொடங்கிய முதல் ஒன்றிரண்டு நாட்களில் சிவப்பு கோட்டைச் சிறிது தாண்டக்கூடும். மடியும் கிருமிகளிலிருந்து வெளிப்படும் பொருள்களே சிறிது நேரம் அழற்சியை வளர்ப்பதால் இவ்வாறு நேர்கிறது. இதைக் கண்டு நோயாளி கலங்குவார். அவருடைய உறவினர் மருந்தை மாற்றச் சொல்லி வற்புறுத்துவார். அப்பொழுது தாதி கோட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. காய்ச்சல் இறங்குகிறதா, நாடி நிதானப்படுகிறதா, வலி குறைந்து உறக்கம் வருகிறதா, சிறுநீர் போதிய அளவு போகிறதா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். இவையெல்லாம் நல்ல வழியில் இருந்தால், கோடு சிறிது தாண்டியிருப்பினும் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டிய அறிகுறிகள் வேறு. தோலில் காணும் மாறுதலுக்குச் சற்றும் பொருந்தாத கொடிய வலி. மணிக்கு மணி கோட்டைத் தாண்டும் வேகம். தோல் கருநீலமாக மாறுவது. இரத்தம் கலந்த கொப்புளங்கள். விரலால் அழுத்தினால் உள்ளே காற்று நெரிபடும் உணர்ச்சி. சற்று முன்வரை கடுமையாக வலித்த இடம் திடீரென்று மரத்துப்போவது ஆகிய இவை, கிருமி தசையுறை வரை சென்று திசுக்களை அழுகச் செய்கிறது என்பதற்கு அடையாளம். இங்கே மருந்து மட்டும் போதாது. அறுவை மருத்துவர் உடனே வர வேண்டும். சில மணி நேரத் தாமதமும் காலையோ உயிரையோ விலையாகக் கேட்கும். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று நேரமும் இடமும் தெரியாமல் உளறுவதும், மூச்சு வேகப்படுவதும், நோய் இரத்தத்தில் கலந்துவிட்டதைக் காட்டும். நேற்று அவரோடு பேசியவருக்கே இன்றைய மாறுதல் புலப்படும்; அப்படிப் பேசியவர் பெரும்பாலும் தாதியாகவே இருப்பார்.

திரும்பி வரும் நோய்

ஒருமுறை செல்லுலைட்டிஸ் வந்த காலில் அது மறுபடியும் வருவது வழக்கம். ஒவ்வொரு முறையும் நிணநீர்க் குழாய்கள் சிறிது சேதமுற, அதனால் வீக்கம் நிலைக்க, நிலைத்த வீக்கத்தினால் அடுத்த தொற்று எளிதாகிறது. இதை நிறுத்த இரு வழிகள் பரிசோதிக்கப்பட்டுள்ளன. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2013-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஓராண்டு காலம் நாள்தோறும் சிறிய அளவில் பெனிசிலின் உண்டவர்களில் 22 சதவீதத்தினருக்கும், மருந்தில்லா மாத்திரை உண்டவர்களில் 37 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியபின் அந்தப் பாதுகாப்பு நீடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நடந்து 2020-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, நாள்பட்ட கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இறுக்கமான காலுறை அணிவித்துப் பார்த்தது. அணிந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கும், அணியாதவர்களில் 40 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பவே, பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் மற்றவர்களுக்கு அதை மறுப்பது தகாது என்று ஆராய்ச்சியை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள்.

இச்செய்தி நமக்கு மிகவும் நெருங்கியது. கும்பகோணத்துப் பக்கத்திலும் கேரளத்துக் கடற்கரையிலும் யானைக்கால் நோய் நெடுங்காலமாக மக்களை வருத்தி வந்திருக்கிறது. அந்நோயாளிகளுக்கு அடிக்கடி குளிர்காய்ச்சலும் நெறியும் வந்து, வரும்போதெல்லாம் கால் இன்னும் பருத்துவிடும். அமாவாசை, பௌர்ணமியின் விளைவு என்று சொல்வாரும் உண்டு. யானைக்கால் புழுவின் சேஷ்டை என்றே மருத்துவர்களும் நெடுநாள் எண்ணினார்கள். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரையர் என்னும் பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1990-களில் ஆராய்ந்து, இக்காய்ச்சல்களுள் பெரும்பாலானவை விரலிடுக்குப் புண்களின் வழியே நுழைந்த பாக்டீரியத்தினால் வருபவை என்று நிலைநாட்டினார்கள். நம் அண்டையிலுள்ள ஆலப்புழையிலும், கால் பராமரிப்பை முறையாகக் கற்றுக்கொண்ட நோயாளிகளுக்கு இக்காய்ச்சல் வருவது குறைந்ததைக் கண்டார்கள். அந்தப் பராமரிப்பு இதுதான்: நாள்தோறும் சோப்பும் சுத்த நீரும் கொண்டு கழுவுதல், ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஈரம் போகத் துடைத்தல், வெடிப்பும் புண்ணும் உண்டா என்று பார்த்து உடனே மருந்திடுதல், உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்துதல், வெறுங்காலோடு நடவாதிருத்தல். துடைக்கும் செயலே இவற்றுள் மிகவும் அடிக்கடி மறக்கப்படுவது. கழுவி ஈரத்தோடு விட்ட விரலிடுக்கு, கழுவாததைவிட விரைவில் ஊறிப் பிளக்கும்.

குழந்தைகளின் முகத்திலும் கைகால்களிலும் தேன் நிறத்துப் பொருக்கோடு வரும் சிரங்குக்கும் இவ்விரு கிருமிகளே காரணம். சங்கிலிக் கிருமியால் வந்த சிரங்கு ஆறிய சில வாரங்களுக்குப் பின், சில குழந்தைகளுக்கு முகம் வீங்கிச் சிறுநீர் கறுத்துப்போகும். சிறுநீரகம் பழுதுற்றதன் அடையாளம் அது. கராச்சி நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 2005-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், கை கழுவப் பழக்கிச் சோப்பும் வழங்கிய வீடுகளின் குழந்தைகளுக்குச் சிரங்கு 34 சதவீதம் குறைந்தது. கிருமிநாசினி கலந்த சோப்புக்கும் சாதாரணச் சோப்புக்கும் இடையே பலனில் வேற்றுமை காணப்படவில்லை.

பெனிசிலினையும் அதன் சந்ததியாரையும் நாம் எவ்வளவு போற்றினாலும் தகும். எனினும், கிருமி புகும் வாயிலை அவை மூடுவதில்லை. வீக்கத்தை அவை வடிப்பதில்லை. ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்குக் கிருமி போவதை அவை தடுப்பதில்லை. நோய் திசை மாறுவதைக் கண்டு குரல் கொடுக்கவும் அவற்றால் இயலாது. இவை நான்கும் பணிவிடையின் பாற்பட்டவை. ஆதலின் அன்பர்களே, உங்கள் இல்லத்தில் கால் வீங்கியவர், நீரிழிவு உள்ளவர், வயது முதிர்ந்தவர் யாரேனும் இருந்தால், அவருடைய விரலிடுக்குகளை நாள்தோறும் பார்த்து ஈரமில்லாமல் வையுங்கள். மருத்துவமனையில் உங்களவரைத் தொடுவதற்கு முன் தாதி கை கழுவ எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தாமதம் என்று எண்ணி முணுமுணுக்காதீர்கள். அவர் கழுவ மறந்திருந்தால், மரியாதையோடு நினைவூட்டவும் தயங்காதீர்கள். அது உங்கள் உரிமை.